மெட்டு ஏறும் விரல்கள்

கேரள எல்லையின் தமிழ் ஊர்களில் கிடாரில் கார்டு வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. லீட் வாசிப்புக்கு ஏறுகிறவர்கள்தான் குறைவு. தடை விரல்களில் இல்லை.

திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கோயில் மைதானம். மேடையில் கானமேளா. பாடகர் பல்லவியை முடித்துவிட்டு மைக்கிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்கிறார். அடுத்த நான்கு ஆவர்த்தனம் கிடாருக்கு. வழக்கமாக லீட் வாசிப்பவருக்கு அன்று காய்ச்சல். பின்வரிசையில் நின்றிருந்த ரிதம் கிடார் பையனுக்கு ஜாடை காட்டுகிறார்கள். மூன்று வருடமாக அதே பாட்டுக்கு ஒரு கார்டுகூடப் பிசகாமல் வாசித்து வந்தவன் அவன். ஆனால் அந்த நான்கு ஆவர்த்தனத்திலும் அவன் இடது கை, தெரிந்த மூன்று கார்டுகளையே மாற்றி மாற்றிப் பிடித்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். தபலாக்காரர் ஒரு முத்தாய்ப்பு வைத்துக் காப்பாற்றினார்.

அது 2000ஆம் ஆண்டு. அந்தப் பையன்தான் இந்தக் கட்டுரையை எழுதுபவன்.

அடுத்த சீசனில் குழுவுக்குப் புது கீபோர்டு வந்தது. பொத்தானைத் தட்டினால் தாளமும் கார்டும் அதுவே வாசித்துக்கொள்ளும். ரிதம் கிடாருக்கு இனி ஆள் தேவையில்லை என்றார்கள். லீட் கிடார்காரர் மட்டும் தங்கினார். இயந்திரத்தால் எளிதில் செய்ய முடிகிற வேலைக்கும் முடியாத வேலைக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பது அன்று புரிந்தது. எங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. கீபோர்டும், பிறகு பதிவு செய்யப்பட்ட டிராக்கும் மேடைகளுக்கு வந்தபோது முதலில் காணாமல் போனவர்களில் கார்டு மட்டும் வாசித்தவர்களும் உண்டு.

கேரளத்தின் கிழக்கு விளிம்பில் தமிழ் வாழும் இடங்கள் இரண்டு துண்டுகளாகக் கிடக்கின்றன. வடக்கே பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சமவெளி ஊர்கள். தெற்கே இடுக்கி மலையில் மறையூர், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, குமுளி என்று தேயிலையும் ஏலமும் விளையும் ஊர்கள். இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டின் முதுகும் தமிழ்நாட்டின் மீது சாய்ந்திருக்கிறது. கிடார் இந்த ஊர்களுக்குள் வந்த வழியும் பெரும்பாலும் இரண்டுதான். மலையில் தேவாலயப் பாடகர் குழுவும் கிறிஸ்துமஸ் கேரல் ஊர்வலமும். சமவெளியில் கானமேளா. இரண்டு இடத்திலும் கிடாருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே. பாடுகிறவருக்குப் பின்னால் நின்று கார்டு வாசிப்பது.

கிடார் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கார்டு என்பது மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது. லீட் என்பது ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்து, பாடுவது போல வாசிப்பது. முதலாவது பாட்டுக்குத் தரை போடுகிறது. இரண்டாவது அந்தத் தரையில் நடக்கிறது.

தரை போடுவதைக் கற்றுக்கொள்வது அத்தனை கடினமில்லை. ஜி, சி, டி, இ மைனர் என்று நான்கு கார்டு தெரிந்தால் போதும். மூன்று மாதத்தில் எத்தனையோ பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். பிறகு ஆள்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் ஒருசேர அமுக்க வேண்டிய எஃப் கார்டு வரும். பலர் கிடாரை மூட்டை கட்டுவது அங்கேதான். அதையும் தாண்டியவர்களுக்குக் காத்திருப்பது நீண்ட சமவெளி. ஐந்து வருடம், பத்து வருடம் அங்கேயே நடந்துகொண்டிருப்பார்கள். விரல் உருவங்களைக் கற்றிருக்கும். அந்த உருவத்துக்குள் எந்தத் தந்தியில் எந்த ஸ்வரம் இருக்கிறது என்று காதுக்குத் தெரியாது. திருவிழா மேடையில் என் கை உறைந்து நின்ற காரணமும் இதுதான்.

இந்த மலைக்கு அடிவாரத்திலேயே எதிர்த்திசையில் நடந்துபோன ஒருவர் இருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில், இடுக்கி மலைகளின் கிழக்குச் சரிவுக்குக் கீழே இருக்கிறது பண்ணைப்புரம். 1943ல் அங்கே பிறந்த இளையராஜாவின் இசைக் கல்வி, அண்ணன் பாவலர் வரதராஜனின் பாட்டுக்குழுவில் தொடங்கியது. 1958ல் தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக பாவலரின் பாட்டு மலையேறியது. தேயிலைத் தொழிலாளர்களிடம் தமிழில் பாடி ஓட்டுக் கேட்ட தேர்தல் அது. அவர் வென்றார். அப்படி ஊர் ஊராகப் போன மேடைகளில் பாடியும் ஆர்மோனியம் வாசித்தும் வளர்ந்த தம்பி, 1960களின் கடைசியில் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். கிளாசிகல் கிடாரில் லண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் தேர்வில் தேறினார். சலீல் சவுத்ரியின் பதிவுகளில் கிடார் வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976ல் 'அன்னக்கிளி' வந்தது. 2025 மார்ச்சில் தன் சிம்பொனியை லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார்.

இந்த வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிடார் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அதிலுள்ள வரிசையை. அவர் கைக்குக் கிளாசிகல் கிடார் வருவதற்கு முன்பே தொண்டையில் பல வருடப் பாட்டு இருந்தது. மெட்டு முதலில், கார்டு பிறகு. மேலும் அவர் படித்த கிளாசிகல் கிடாரில் ரிதம் ஆள், லீட் ஆள் என்ற பங்கீடே கிடையாது. கட்டைவிரல் கீழ் ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் நடுக்குரலையும் மேல் மெட்டையும் வாசிக்கும். ஒரே ஆள், ஒரே கை. நாம் கார்டை முதலில் கற்று, மெட்டை 'பெரியவர்கள் சமாச்சாரம்' என்று தள்ளி வைக்கிறோம்.

அவரது பதிவுகளிலேயே உதாரணமும் உண்டு. 1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் கிடார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கிடார் கையிலெடுத்த தமிழ் இளைஞர்களில் அந்த வாசிப்பைக் கேட்டு ஏங்காதவர்கள் குறைவு. கார்டைத் தந்தி தந்தியாகப் பிரித்து ஓடவிடுவதும் கிடார் தனிக்குரலாகப் பேசுவதும் அந்த ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருக்கின்றன. கேட்கிறவருக்கு எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று தெரியாது.

முதல் படி இங்கேதான். கார்டை உடைப்பது. சி என்பதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், சி கார்டில் இருப்பது ச-க-ப. எஃப் கார்டில் ம-த-ச. ஜி கார்டில் ப-நி-ரி. மூன்று கார்டிலும் சேர்த்து சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் வந்துவிடுகிறது. மூன்று கார்டு வாசிக்கிறவன் கையில் ஒரு ராகம் முழுக்க இருக்கிறது; அவனுக்குத்தான் அது தெரிவதில்லை. ஒவ்வொரு தந்தியாகத் தட்டி அதன் ஸ்வரத்தை வாயால் சொல்லிப் பழகினால் இரண்டு வாரத்தில் உருவம் உடைந்து ஸ்வரம் தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டாவது படி ஐந்து ஸ்வரம். உலகம் முழுவதும் லீட் கிடார் பாடம் 'பென்டடானிக்' என்ற ஐந்து ஸ்வர வரிசையில்தான் தொடங்குகிறது. அமெரிக்க புளூஸ் இசையும் ராக் இசையும் பெருமளவு அதன் மேல் நிற்கின்றன. அதன் மேஜர் வடிவம் நம் மோகனம்: ச-ரி-க-ப-த. மைனர் வடிவம் சுத்த தன்யாசி: ச-க-ம-ப-நி. கிடார் புத்தகங்கள் இவற்றை உறவுள்ள இரண்டு ஸ்கேல்கள் என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்கும். கர்நாடக சங்கீதத்தில் இதற்கு கிரகபேதம் என்று பெயர். மோகனத்தின் தைவதத்தை ஷட்ஜமாக நினைத்துக்கொண்டு அதே ஸ்வரங்களை வாசித்தால் சுத்த தன்யாசி வந்துவிடும். கிடாரின் ஐந்தாவது கட்டிலிருந்து எட்டாவது கட்டுக்குள் அமைந்த புகழ்பெற்ற விரல் அமைப்பு ஒன்றுண்டு. தடித்த ஆறாவது தந்தியில், ஐந்தாவது கட்டிலிருக்கும் ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி. அதே தந்தியில் எட்டாவது கட்டிலிருக்கும் சி-யை ஷட்ஜமாக வைத்தால் மோகனம். விரல் இருக்கும் இடம் மாறவே இல்லை. நினைப்பு மட்டும் மாறுகிறது.

இதைச் சொல்லும்போது மலையிலிருந்து இறங்கிப் பாலக்காட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. செம்பை வைத்தியநாத பாகவதர், மிருதங்கம் பாலக்காடு மணி ஐயர், கே.வி. நாராயணசுவாமி, மஞ்ஞப்பிராவில் பிறந்த எம்.டி. ராமநாதன் என்று சங்கீத உலகுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த மண் அது. செம்பையின் பெயரால் அரசு இசைக் கல்லூரி பாலக்காட்டில் நடக்கிறது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928ல் பிறந்த எலப்புள்ளியும் இந்த மாவட்டம்தான். கல்பாத்தி அக்ரகாரத்துப் பையனுக்கு மோகனம் யாரும் சொல்லித் தராமலே காதில் இருக்கும். அவன் கிடாரை எடுத்தால் லீட் சுலபமாக வந்துவிட வேண்டுமே?

வருவதில்லை. அவனுக்கு வேறொரு சிக்கல். கர்நாடக சங்கீதத்தில் தம்பூராவின் ஸ்ருதி அசையாத தரை. பாடகர் எங்கே சஞ்சரித்தாலும் ஷட்ஜம் அங்கேயே இருக்கும். கார்டு இசையில் தரையே நகர்கிறது. சி கார்டு ஒலிக்கும்போது ஷட்ஜத்தில் நின்றால் சுகம். கார்டு ஜி-க்கு மாறியதும் அதே ஷட்ஜம் உறுத்தும். ஏனென்றால் ஜி கார்டின் ப-நி-ரியில் ஷட்ஜம் இல்லை. அந்த இடத்தில் பஞ்சமத்திலோ ரிஷபத்திலோ போய் நிற்க வேண்டும். எஃப் வந்தால் தைவதம் அல்லது ஷட்ஜம். மோகனத்தின் ஐந்து ஸ்வரத்துக்குள்ளேயே இந்த மூன்று கார்டுக்கும் நிற்க இடம் இருக்கிறது. எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கவனித்தால், இது வித்வான்கள் நியாச ஸ்வரம் என்று சொல்லும் விஷயம்தான். ராகத்தில் எல்லா ஸ்வரத்திலும் நடக்கலாம், சிலவற்றில்தான் இளைப்பாறலாம். லீட் வாசிப்பில் அந்த இளைப்பாறும் கல் கார்டுக்குக் கார்டு இடம் மாறும். மூணாறு தேவாலயத்தில் கார்டு வாசிக்கும் பையனுக்குத் தரை நகர்வது கைப்பழக்கமாகத் தெரியும், ராகம் தெரியாது. பாலக்காட்டில் பாட்டு கற்ற பையனுக்கு ராகம் தெரியும். நகரும் தரை புதிது. லீட் வாசிப்பின் பாதிப் பாதி இந்த எல்லையின் இரண்டு துண்டுகளிலும் கிடக்கிறது. மூன்றாவது படி, இரண்டையும் ஒட்டுவது. கைபேசியில் சி, எஃப், ஜி கார்டுகளை மெதுவாக ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டு, அதன் மேல் ஐந்து ஸ்வரத்தில் அலைந்து, கார்டு மாறும் கணத்தில் சரியான கல்லில் கால் வைத்துப் பழகுவதுதான் வழி. வேறு குறுக்கு வழி இல்லை.

நான்காவது படிதான் தந்தியைப் பேச வைப்பது. கிடாரின் கட்டுகள் ஸ்வரங்களைப் பன்னிரண்டு சம இடைவெளியாக வெட்டி வைத்திருக்கின்றன. அந்த வெட்டுக்களுக்கு நடுவில்தான் நம் சங்கீதத்தின் உயிர். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளினால் ஸ்வரம் உயரும். இதை பென்ட் என்கிறார்கள். வீணையில் தந்தியை இழுப்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒரு நிபந்தனை உண்டு. தள்ளினால் ஸ்வரம் ஏறத்தான் செய்யும், இறங்காது. இறங்க வேண்டுமானால் முன்பே தள்ளி வைத்துவிட்டு மீட்டி, மெல்ல விட வேண்டும். ஒரு விரலை வைத்தபடி இன்னொன்றால் தந்தியைத் தட்டுவது, சுண்டி எடுப்பது, விரலை அழுத்தியபடி வழுக்குவது என்று மற்றவையும் உண்டு. பெயர் வேறானாலும் கமகத்துக்குத் தேவையான சாமான்கள்தான் இவை.

மேற்கத்திய வாத்தியத்தில் கமகம் வருமா என்ற கேள்விக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. 2014ல் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ் சிறுவனாக இருந்தபோதே மின்சார மாண்டலினில் முழுக் கச்சேரி செய்தார். அதற்காகத் தந்தி அமைப்பையே மாற்றிக்கொண்டார். கிடாரில் அதைச் செய்து காட்டியவர் ஆர். பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். மின்சார கிடாரில் கீர்த்தனைகளும் வாசிப்பார். ராக் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஆல்பமும் வெளியிட்டிருக்கிறார். கேரளத்தில் மதர்ஜேன் ராக் குழுவில் இருந்த பைஜு தர்மஜனின் லீட் வாசிப்பிலும் கர்நாடகச் சாயல் தூக்கலாகத் தெரியும். இவர்கள் யாரும் வேகத்தால் மட்டும் நினைவில் நிற்பவர்கள் இல்லை. அவர்கள் கிடார் பாடுகிறது.

வேகம்தான் லீட் என்ற எண்ணம் பையன்களிடம் பலமாக இருக்கிறது. இன்று யூடியூபில் தமிழிலும் மலையாளத்திலும் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. எந்தத் தந்தியில் எத்தனையாவது கட்டு என்று எண்களால் எழுதப்பட்ட 'டேப்' கிடைக்கிறது. எங்கள் காலத்தில் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுத் தேய்த்தோம். அந்தக் கஷ்டம் இப்போது இல்லை. ஆனால் எண்ணைப் பார்த்து வாசிக்கிறவன், முன்பு உருவத்தைப் பார்த்துக் கார்டு பிடித்தவன் மாதிரியேதான். காது இன்னும் வேலைக்கு வரவில்லை. அந்தப் பாட்டின் லீட் பிசகாமல் வரும். பாடகர் சுருதியை ஒரு படி இறக்கச் சொன்னால் கை நின்றுவிடும்.

பாடகருக்கு மூச்சு முட்டும். நாதஸ்வரக்காரருக்கும் அப்படித்தான். அதனால் அவர்கள் வாக்கியத்தை முடித்து, நிறுத்தி, அடுத்ததை எடுக்கிறார்கள். கிடார்காரரின் விரலுக்கு மூச்சு தேவையில்லை. ஆகவே நிற்காமல் ஓடுகிறது. கேட்கிறவர்தான் மூச்சுத் திணறுகிறார். இதற்கு எளிய வைத்தியம், வாசிக்கும்போதே வாய்க்குள் பாடுவது. வாய் நிற்கும் இடத்தில் விரலும் நிற்க வேண்டும். எது வாசிப்பதென்று தெரியாமல் கை உறைவதும் இதனால் குறையும். வாயில் பாட்டு இருந்தால் விரலுக்கு வேலை இருக்கும்.

வீணையில் கிடாரின் கட்டுகளைப் போன்றவற்றுக்கு மெட்டு என்று பெயர். பாட்டின் வடிவமும் மெட்டுதான். போடிமெட்டு, கம்பமெட்டு என்று இந்த எல்லையில் மலை ஏறி முடியும் இடங்களுக்கும் அந்தப் பெயரே வாய்த்திருக்கிறது. தமிழ் படித்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டிய வயதில் தோன்றவில்லை. கானமேளாவை விட்டபின் மொழிபெயர்ப்பும் பத்திரிகையும் சோறு போட்டன. கிடாரை விடவில்லை; மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையில் அதே கார்டுகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதைத் தாண்டியபின்தான் மறுபடி தொடங்கினேன். ஐந்து தந்திகளை மறந்துவிட்டு ஒரே தந்தியில். ஸ்கேல் இல்லை, டேப் இல்லை. தெரிந்த ஒரு பழைய பாட்டின் பல்லவியை வாயால் பாடி, அந்த ஸ்வரம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று தடவித் தேடுவது. முதல் வாரம் முதல் வரியே பிடிபடவில்லை. தவறான கட்டில் விரல் விழும்போதெல்லாம் 2000ஆம் ஆண்டின் அந்த விசில் சத்தம் கேட்டது. தினமும் இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. மூன்றாவது வாரம் பல்லவி முழுதாக வந்தது. வேகமில்லை, அலங்காரமில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன், அவ்வளவே.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "டேய், இது உங்கப்பா முனகிட்டே இருப்பாரே, அந்தப் பாட்டுதானே?"

எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் கிடார் ஒலித்திருக்கிறது. என்ன பாட்டு என்று அம்மாவுக்குத் தெரிந்தது அன்றுதான்.